மரணப் பள்ளத்தாக்கில் ஓர் இரவு

பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே வீட்டிலுள்ள பெரியவர்கள் பிரயாணத்துக்குத் தடை போட்டுவிடுவார்கள். 'மரணப் பள்ளத்தாக்கு' என்று ஓர் இடம்; அதில் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்து, இரவு அங்கேயே படுத்து எழுந்து வருவது என்றால் யார்தான் சம்மதிப்பார்கள்? ஆயினும், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள அந்தப் பாலைவனத்துக்கு ஆண்டுதோறும் ஏராளமானவர்கள் போகிறார்கள். சௌக்கியமாகத் திரும்பியும் வருகிறார்கள். இதற்கு வேண்டியது வீர தீர பராக்கிரமம் அல்ல. புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய யோசனைதான். அந்த யோசனையைப்பற்றியே இங்கே சொல்லப் புகுகிறோம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த பாகம் கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கிறது. அதன் மேற்கே நிற்கும் டெலஸ்கோப் சிகரமோ 11,049 அடி உயரம். வருஷம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 2 அங்குலம். 1913-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி இங்கே 134 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் பதிவாயிற்று. 1933-ல் அரசாங்கப் பாதுகாப்புக்குள் வந்த இந்தப் பிரதேசம், 1994-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. விஸ்தீரணம் சுமார் 34 லட்சம் ஏக்கர். 'பூங்கா' என்றதும் புல்தரையையும் நீரூற்றையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பயங்கரமான அந்தப் பெயர் எப்படி வந்தது? 1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பிய ஜனங்களில் ஒரு கூட்டத்தார், குறுக்கு வழி என்று நம்பி இந்தப் பள்ளத்தாக்கில் வந்து சிக்கிக்கொண்டார்கள். குழந்தைகளுடன் இருந்த இரண்டு குடும்பங்கள் ஓர் ஊற்றின் அருகே தங்கிவிட, மான்லி, ராஜர்ஸ் என்ற இரண்டு வாலிபர்கள் உதவி தேடி நடந்தார்கள். சுமார் 250 மைல் நடந்து உணவு சேகரித்தார்கள். தாங்கள் பிழைத்தது போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. ஒற்றைக் கண் கோவேறு கழுதை ஒன்றை ஓட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்து, காத்திருந்தவர்களை மீட்டுச் சென்றார்கள். தப்பிப் போனவர்கள் இட்ட பெயர்தான் 'மரணப் பள்ளத்தாக்கு'.

அவர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே திம்பிஷா ஷோஷோனி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் வாசம். கோடையில் மலைமேல் வாசம். எந்த ஊற்று எங்கே இருக்கிறது, எந்த மாதத்தில் எந்த விதை பழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அங்கே கிடைக்கும் செங்காவி மண்ணை ஒட்டியது 'திம்பிஷா' என்னும் பெயர். தங்கள் தாயகத்தை மரணத்தின் பெயரால் அழைப்பதை அவர்கள் விரும்பவில்லை. 1933-ல் பாதுகாப்பு எல்லை வகுத்தவர்கள், அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலமும் ஒதுக்கவில்லை. நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு, 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சுமார் 7,500 ஏக்கர் அவர்களுக்கு உரியதாயிற்று. ஆகவே, அந்தப் பெயர் மண்ணின் குணத்தைச் சொல்லவில்லை. ஆயத்தமின்றி வந்தவர்களின் அநுபவத்தையே சொல்லுகிறது. நாம் திட்டம் போடுவதற்கு ஆசானாகக் கொள்ளவேண்டியவர்கள் திம்பிஷா மக்களே.

அவர்கள் கற்பிக்கும் முதல் பாடம் பருவம். நவம்பர் முதல் மார்ச்சு வரையில்தான் பள்ளத்தாக்கில் நடக்கலாம். 2024 ஜூலையில் இரவையும் பகலையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி உஷ்ணமே 108.5 டிகிரி! கோடையில்தான் ஓய்வு கிடைக்கும் என்கிறவர்கள் மலைச் சிகரத்தை நாடுவது நலம்.

இரண்டாவது பாடம் ஜலம். ஓர் இரவுக்கு ஏற்ற இடம் காட்டன்வுட் பள்ளத்தாக்கு. மணலும் கல்லுமான கரடு முரடான பாதையில் வண்டி போகும் மட்டும் போய், அங்கிருந்து நடக்கவேண்டும். பாலைவனத்தின் நடுவே ஊற்று நீரில் செழித்த மரங்கள், அரச இலையைப்போல் சலசலத்து நம்மை வரவேற்கும். பக்கத்திலுள்ள மார்பிள் பள்ளத்தாக்கையும் சேர்த்துச் சுற்றிவர சுமார் 30 மைல் ஆகும்; நடுவே வழிகாட்டிப் பலகையும் கிடையாது. ஒரே இரவு தங்குகிறவர்கள், போன வழியே திரும்புவதுதான் புத்திசாலித்தனம்.

ஊற்று இருக்கிறதே என்று வெறும் குப்பியுடன் கிளம்பலாகாது. ஊற்று வற்றியிருக்கலாம், இருந்தாலும் காய்ச்சியோ வடிகட்டியோதான் குடிக்கவேண்டும். ஒருவருக்கு நாள் ஒன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர். இரண்டு நாளைக்கு 8 லிட்டர். அதன் கனம் மட்டும் 8 கிலோ! அதைச் சுமக்க முடியாதென்றால் மற்ற சாமான்களைக் குறைக்கலாமே தவிர, ஜலத்தைக் குறைக்கக் கூடாது. வண்டியிலும் தனியாகக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போகவேண்டும்.

படுக்கும் இடத்தை ஊற்றிலிருந்து 100 கஜத்துக்கு அப்பால் அமைத்துக்கொள்ளவேண்டும். அந்த நீரை நம்பி வாழும் மிருகங்கள் இரவில்தான் குடிக்க வரும். தீ மூட்ட அநுமதி இல்லை. வறண்ட ஓடையின் மணல் மெத்தைபோல் தோன்றும். அதில் படுக்கவே கூடாது. 2023 ஆகஸ்டு 20-ந் தேதி ஒரே நாளில் 2.2 அங்குலம் மழை கொட்டி, சாலைகளை அடித்துச் சென்றது. பூங்காவையே ஏறக்குறைய இரண்டு மாதம் மூடவேண்டியதாயிற்று. ஆகவே, அநுமதிச் சீட்டு வாங்கும்போதே பாதையின் அப்போதைய நிலையையும், வானிலையையும் விசாரித்துக்கொள்வது அவசியம்.

மூன்றாவது, வீட்டாருக்குச் சொல்லுதல். பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது. 1996 ஜூலையில், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் நால்வர், அவர்களில் இருவர் சிறுவர், இங்கே காணாமற் போனார்கள். அக்டோபரில் அவர்களுடைய வண்டி மட்டும் டயர்கள் பழுதான நிலையில் ஒரு வனாந்தரத்தில் அகப்பட்டது. பெரியவர்களின் எலும்புகள் 2009-ல்தான் கிடைத்தன. எந்த வழியே போகிறோம், எந்த நாளில் திரும்புவோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுக்கவேண்டும். குறித்த வேளையில் நாம் வராவிட்டால், தேடுகிறவர்களுக்கு அந்தக் காகிதந்தான் கண்.

கடைசியாக, மனத்திடம். கொண்டுபோன ஜலத்தில் பாதி தீர்ந்ததும், இலக்கு எத்தனை அருகில் தெரிந்தாலும் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். வெயிலில் களைத்த மூளை சரியான யோசனை சொல்லாது. திரும்பி வருவதில் அவமானம் ஒன்றுமில்லை. மலை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

வீடு சேர்ந்தபின் முதற் காரியமாக நாம் வந்துவிட்ட செய்தியைச் சொல்லவேண்டும். நாம் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவர்கள் கிழித்தெறியும்போதுதான், நம் யாத்திரை பூர்த்தியாயிற்று என்று கொள்ளலாம்.