ஆவூரும் குடிசை வாயிலும்

புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ஆவூரின் பெயரை நேயர்கள் கேட்டிருப்பர். பெரியநாயகி மாதா ஆலயம் உடையது. வீரமாமுனிவர் பணிபுரிந்த ஊர். தமிழ் மாணாக்கராகிய யாமும் அம்முனிவரை எண்ணியே அவ்வூர் வரலாற்றைப் படிக்கப் புகுந்தோம். ஆயினும், ஆங்கு 1697இல் திருச்சபையை நிறுவிய பூஷே அடிகளாரின் சரிதத்திலே வேறொரு செய்தியைக் கண்டு திகைத்து நின்றோம்.

அக்காலத்து மதுரை மிஷன், 1606இல் மதுரை வந்த தே நோபிலி அடிகளின் வழியைப் பின்பற்றியது. உயர்சாதியார் அகன்றுவிடாதிருத்தற்பொருட்டு, துறவிக்கோலம் பூண்ட குருமார் தாழ்த்தப்பட்டோர் மனைக்குள் வெளிப்படையாகப் புகுவதில்லை. மரணப்படுக்கையில் கிடப்பவருக்கும் இவ்வாறே! 1704இல் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் என்பார் புதுச்சேரியில் பதினாறு விதிகள் கொண்ட கட்டளையொன்றைப் பிறப்பித்தார். தாலி, திருநீறு, மணச்சடங்கு முதலியவற்றோடு, நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் இல்லத்திற்கே குருமார் சென்று அருட்சாதனங்களை அளிக்கவேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. அக்கட்டளையைத் தளர்த்துமாறு வேண்டி உரோமாபுரி சென்றவருள் ஒருவர் பூஷே அடிகளாரே.

அவர் இவ்வொரு விதியின்பொருட்டுச் சென்றாரல்லர்; கட்டளை முழுமையும் மிஷனை அழித்துவிடும் என்றே அஞ்சினார். அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர், குடிசைக்குள் கிடந்த நோயாளியன்றோ? 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்துவைத்தார். விதி நிலைத்தது, தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருமாரை அமர்த்தலாம் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. வாயில் திறந்தது, சாதியோ அகலவில்லை.

அகலாத அதனை நெல்லை நாட்டு வடக்கன்குளத்திற் காணலாம். அவ்வூர்க் கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை போல் இரு கிளையாய் அமைந்திருந்தது. வேளாளரும் நாடாரும் ஒரே பீடத்தை நோக்கி வெவ்வேறு கிளைகளில் முழந்தாளிட, இடையே சுவர் நின்றது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் வென்றிலர்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவைப் படிப்போர்க்கு ஒன்று வியப்பளிக்கும். கடை, உணவு விடுதி, கிணறு, குளம், நீராடுதுறை, சாலை என அன்றாட இடங்களையே அது பெயர் சொல்லி எண்ணுகின்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் இயற்றிய தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என வழங்குகின்றது.

ஆவூர் அடங்கிய அதே மாவட்டத்தில், வேங்கைவயலில், தாழ்த்தப்பட்டோர் குடிநீர் பெறும் மேனிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டமை 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. விசாரிக்கச் சென்ற மாவட்ட அதிகாரிகள், தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வழக்கத்தையும் கண்டனர். அதுவரை ஐயனார் கோயிலுக்குள் விடப்படாதிருந்த மக்களை அன்றே உள்ளே அழைத்துச் சென்றனர்.