அறிவியல் விழாவை நடத்துவது யார்?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழா முடிந்தால் நாளிதழ்களில் ஒரு படம் வரும். நடுவில் கோப்பையோடு பிள்ளைகள், பின்னால் ஆசிரியர், பக்கத்தில் தலைமையாசிரியரும் சிறப்பு விருந்தினரும். ஓரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ‘ஏற்பாட்டுக் குழுவினர்’ என்பதோடு சரி, பெயர் வராது. பிள்ளைகள் எந்த மாதிரிச் சோதனை செய்ய வேண்டும், எந்த மொழியில் விளக்க வேண்டும், நடுவர்கள் யார், பேருந்துக்குப் பணம் எங்கிருந்து வரும், நன்கொடையாளர் கைவிரித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். கல்வி அமைச்சும் இல்லை, பள்ளியும் இல்லை. பதிவு பெற்ற ஒரு பொதுத் தொண்டு இயக்கம்.

ஹுத்தான் மெலிந்தாங் போன்ற ஊருக்கு இந்தக் ‘கழுத்தட்டைக்காரர்கள்’ யார் என்பது முக்கியம். பெர்ணம் ஆற்றின் இந்தக் கரை பேராக், அந்தக் கரை சிலாங்கூர். மீன்பிடிப் படகுகள், தென்னை, செம்பனை. 1906இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் இந்த வட்டாரத்தில் தொடங்கிய ஜெண்டராட்டா ரப்பர் நிறுவனத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ். பால்மரம் போய்ச் செம்பனை வந்தும் ஜெண்டராட்டா என்ற பெயர் போகவில்லை. தமிழ்ப்பள்ளிகளும் அதே பெயரில், 1, 2, 3 என்று எண் போட்டு நிற்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதில் முளைத்தவைதான் நம் தோட்டப்புறப் பள்ளிகள் பலவும். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றில் 130க்கு மேல் பேராக்கில்.

பள்ளியில் 150 மாணவர்கள் இல்லையென்றால் அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. தோட்டப்புறத்தில் பெரும்பாலானவை அந்த வகைதான். முப்பது பேர்கூட இல்லாத பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். அங்கே அறிவியல் ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இருப்பது அரிது. கணிதம் நடத்துகிறவரே அறிவியலும் நடத்துவார், திடல்தடப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவரும் அவரே. கோலாலம்பூரில் கூடி விழாவுக்கு விதிமுறை எழுதும் செயலவைக்கு இந்த ஆசிரியரின் முகம் தெரியுமா? இயக்கத்தின் தரத்தை நான் எடைபோடுவது இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நம் நாட்டில் இந்தத் துறையில் முதலில் நினைவுக்கு வருவது ‘அஸ்தி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க இயக்கம். டாக்டர் முகமது யூனுஸ் யாசின் தலைமையில் அறியப்பட்ட இந்த இயக்கம்தான் தமிழ்ப்பள்ளிகளுக்கான இளையோர் அறிவியல் விழாவைப் பள்ளி அளவிலிருந்து தேசிய அளவுவரை படிப்படியாக நடத்திவருகிறது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இளம் புத்தாக்கப் போட்டி ஒன்றையும் நடத்துகிறது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே சோதனை செய்து, தமிழிலேயே நடுவர்களுக்கு விளக்குகிறார்கள். இன்று இது இயல்பாகத் தெரியலாம். ஆனால் 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் அதற்குள் வந்தன. 2009இல் அதைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்து, 2012 முதல் படிப்படியாகப் பழைய மொழிக்குத் திரும்பியது. 2016இல் அந்தப் பாடங்களில் ஆங்கிலத்துக்கு மீண்டும் இடமளிக்கும் இருமொழித் திட்டம் வந்து, தமிழ்ப்பள்ளிகள் அதில் சேரலாமா கூடாதா என்று சமூகமே இரண்டுபட்டது. கொள்கை இப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது, தமிழில் அறிவியல் பேச முடியும் என்று மேடை போட்டுக் காட்டுவதே ஒரு தலைமை முடிவுதான்.

முட்டை மிதக்குமா?

அந்த முடிவு வகுப்பறையில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க, எல்லாரும் அறிந்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு. வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும். உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டே போனால், கால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து தேக்கரண்டி வாக்கில் முட்டை மேலே எழும்பும். உப்பின் அளவு தற்சார்பு மாறி. முட்டை நிற்கும் இடம் சார்பு மாறி. தண்ணீரின் அளவும் அதே முட்டையும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஆறாம் ஆண்டுக்கான பழைய யு.பி.எஸ்.ஆர் தேர்வில் இவற்றை மனப்பாடமாகவே ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

இப்போது மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று, “சார், கடல் தண்ணியில போட்டா மிதக்குமா?” என்று கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும் என்றுதான் பெரியவர்களில் பலரும் சொல்வார்கள். மிதக்காது. கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான். புது முட்டை எழும்பப் பத்துப் பங்குக்கு மேல் வேண்டும். ஆனால் பழைய முட்டையாக இருந்தால் மிதக்கலாம். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்றறை பெருத்து, முட்டை இலேசாகிவிடும். ஆக, ‘அதே முட்டை’ என்று எழுதிவைத்த கட்டுப்படுத்தப்பட்ட மாறிக்குள்ளேயே இன்னொரு மாறி ஒளிந்திருக்கிறது: முட்டையின் வயது. ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில், நீரேற்றத்தின்போதும் வற்றும்போதும் தண்ணீரின் உப்பு மாறும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு, இதிலிருந்து இன்னும் நாலு சோதனைகள் தானாகவே வரும்.

ஆசிரியர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்வாரா, “நேரமாச்சு, அட்டையில எழுது” என்பாரா? அது அவர் பெற்ற பயிற்சியைப் பொறுத்தது. அதைவிட, போட்டியின் மதிப்பெண் பாரத்தைப் பொறுத்தது. காட்சிப் பலகையின் அழகுக்கு இருபது, சரளமான பேச்சுக்கு இருபது என்று பாரம் இருந்தால், கேள்வியை விட்டுவிட்டு அட்டை வெட்டப் போவார் ஆசிரியர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ‘பிள்ளைகளாகக் கேட்ட கேள்வி எது?’ என்று ஒரு வரி அந்தப் பாரத்தில் இருந்தால் வகுப்பே மாறும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து வாதாடுவதுதான் இத்தகைய இயக்கத்தின் தலைமை வேலை. திறப்புரை ஆற்றுவதற்கு ஆள் எப்போதும் கிடைக்கும்.

பதிவும் பணமும்

சட்டப்படி இப்படிப்பட்ட இயக்கம் மூன்று வழிகளில் அமையலாம். முதலாவது, 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதிவது. தலைவர், செயலாளர், பொருளாளரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள்; ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் அனுப்ப வேண்டும். இரண்டாவது, பங்கு மூலதனம் இல்லாத, உத்தரவாத வரம்புள்ள நிறுவனமாக அமைவது. அறவாரியம் என்ற பெயரில் இயங்கும் பல அமைப்புகள் இந்த வகை. அங்கே பொறுப்பு இயக்குநர்கள் வாரியத்துக்கு. மூன்றாவது, 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அறங்காவலர் அமைப்பு.

வேறுபாடு காகிதத்தில் மட்டும் இல்லை. சங்கமாக இருந்தால் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். ஆனால் தேர்தல் வந்தால் அணி பிரியும், நம் சங்கங்களின் கதை நமக்குத் தெரியாததல்ல. வாரியமாக இருந்தால் நிதானம் உண்டு. ஆனால் உள்ளே யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். எந்த வழியில் அமைந்தாலும், பெரிய நன்கொடை வர வேண்டுமானால் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் ஒப்புதல் வாங்கியிருப்பது நல்லது. கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். பெறுபவர் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தாக வேண்டும்.

பணம் வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். நிறுவனங்கள் விழாவுக்குக் கொடுக்கும், பதாகையில் சின்னம் வரும் என்பதால். ஆசிரியர் பயிற்சிக்கும், பள்ளி பள்ளியாகப் போகும் தொண்டரின் பெட்ரோல் செலவுக்கும் கேட்டால் முகம் மாறும். விழா ஒரு நாள், பயிற்சி ஆண்டு முழுக்க. பொருளாளர் எந்தப் பக்கம் காசோலை எழுதுகிறார் என்பதில் இயக்கத்தின் கொள்கை தெரிந்துவிடும்.

நிறுவனருக்குப் பிறகு

ஸ்ரீ முருகன் நிலையத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய இந்த நிலையம் அறிவியலுக்கு மட்டுமானது அல்ல. ஆனால் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்த மாணவர்களையே தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்த வைத்த அதன் முறை, பின்னால் வந்த பல இயக்கங்களுக்கு அச்சாக அமைந்தது. டியூஷனோடு கட்டொழுங்கு, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று அதற்கென ஒரு பண்பாடே உருவானது. ஒரு மனிதரின் தீவிரம் எத்தனை தூரம் போகும் என்பதற்கு அது சான்று. அதே காரணத்தால்தான் நம் இயக்கங்கள் பலவற்றில் நிறுவனருக்கு அடுத்தவர் யார் என்ற பேச்சே எடுபடுவதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வேறு வழியில் போனது. 1980இல் தொடங்கிய அது, மாவட்டக் கிளைகளையும் ஆசிரியர்களையும் நம்பி வளர்ந்தது. சிறுவர்களுக்கான ‘துளிர்’ இதழை 1987 முதல் நடத்துகிறது. 1993இல் இந்தியா முழுவதும் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். குளத்துத் தண்ணீரோ கொசுவோ எதுவானாலும் சரி. அந்த இயக்கத்தில் தலைமை என்பது ஒருவர் பெயரில் நிற்பதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இன்னொரு பாடம். 1972இல் தொடங்கி, ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகள்வரை பரவி, செய்து கற்கும் முறைக்கே முன்மாதிரி என்று பெயரெடுத்தது. 2002இல் மாநில அரசு ஓர் ஆணை போட்டு மூடிவிட்டது. நல்ல வேலை செய்தால் போதாது. கல்வி இலாகாவுடன் உறவு கெடாமல் பார்த்துக்கொள்வதும் தலைமையின் வேலை. நம் ஊரில் மாநிலக் கல்வி இலாகாவின் இசைவு இல்லாமல் எந்த இயக்கமும் பள்ளி வாசலைத் தாண்ட முடியாது.

இத்தனை விழாவுக்கும் பிறகு நாட்டின் நிலை என்ன? அனைத்துலக டிம்ஸ் ஆய்வில் மலேசிய இரண்டாம் படிவ மாணவர்கள் 1999இல் கணிதத்தில் 519 புள்ளிகள் எடுத்தார்கள். 2023இல் 411. அறிவியலில் 492இலிருந்து 426. இது எல்லா இன மாணவர்களின் கணக்கு. நூற்றுக்கு அறுபது பேர் அறிவியல் பக்கம் போக வேண்டும் என்ற இலக்கு 1970 முதல் இருக்கிறது, ஒருமுறைகூட எட்டவில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவருக்கு இதில் கூடுதல் முடிச்சு ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டுவரை தமிழில் ‘கட்டுப்படுத்தப்பட்ட மாறி’ என்று சொன்ன பிள்ளை, சில வார இடைவெளியில், முதலாம் படிவத்தில் அதையே மலாய் மொழியில் கேட்கிறது. கருத்து தெரியும், சொல் தெரியாது. வகுப்பில் கை தூக்குவது நின்றுபோகிறது. நான்காம் படிவத்தில் ஸ்டெம் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, ‘நமக்கு வராது’ என்ற எண்ணம் வேரூன்றியிருக்கும். ஆறாம் ஆண்டில் தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் நான்காம் படிவத்தில் இயற்பியல் எடுத்தார்கள் என்று எண்ணிவைப்பதுதான் இயக்கங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை என்பது என் கருத்து. பதக்கங்களை எண்ணுவது சுலபம். நான்கு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளையைத் தேடிப் போவது கடினம், படமும் வராது.

ஹுத்தான் மெலிந்தாங்குக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. பெர்ணம் ஆற்றின் மேல்பகுதியில், தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாளைய கணித, அறிவியல் ஆசிரியர்கள் அங்கே படித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் மாணவர்களும் உண்டு. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகமும் அதே மாநிலத்தில்தான். ஓர் இயக்கம் தன் செயலவையில் ஹுத்தான் மெலிந்தாங் அடங்கிய பாகான் டத்தோ மாவட்டத்துக்கென ஓர் இடம் ஒதுக்கி, அதில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரையும், பல்கலைக்கழகம் போன உள்ளூர்ப் பிள்ளை ஒருவரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தால், ஆறாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் இடைப்பட்ட பள்ளி விடுமுறையில் மலாய்க் கலைச்சொல் வகுப்பு நடத்த ஆள் தேட வேண்டியிருக்காது. இடத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பொறுப்பேற்கலாம். தொண்டர்களின் போக்குவரத்துச் செலவை மட்டும் இயக்கத்தின் பொருளாளர் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுத வேண்டும்.