விளக்கு எரிகிறது, குரல் வரவில்லை!
லேப்டாப் ஹெட்போனைத் தூக்கி எறியும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரம்:

ஊரில் இருக்கும் தாய் தந்தையுடன் லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவது அந்தமான் தமிழர்களுக்கு இன்று பழகிப்போன சங்கதி. சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட கண்ணாடி இழை கேபிள் 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. போர்ட் பிளேர் என்று அப்போது வழங்கிய இந்நகருடன் கார் நிக்கோபார், கமோர்ட்டா, ரங்கத் முதலிய இடங்களும் அதனால் இணைந்தன. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பித் திணறிய இணையத் தொடர்பு வேகம் பெற்றது. வேலைக்கான நேர்முகத் தேர்வும், பிள்ளைகளின் வகுப்பும்கூட இப்போது அந்தச் சின்னத் திரையில் நடக்கின்றன.

கடலைக் கடந்து வந்த குரல், கடைசி ஒரு முழ ஒயரில் நின்றுவிடுவதும் உண்டு. கேள்வி கேட்பவரின் உதடு அசையும்; காதில் ஒன்றும் விழாது. ஹெட்போனில் விளக்கு மட்டும் எரியும். உடனே "செட் போய்விட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். தீவில் விற்கும் சாமான் கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். பல சமயம் காசு செலவில்லாமலே கோளாறு தீர்ந்துவிடும்.

இரண்டு வாய், இரண்டு காது

உருண்டை முனை கொண்ட பழைய ஹெட்போனுக்கு, லேப்டாப்பின் உள்ளேயுள்ள சவுண்டு கார்டே ஓசையை அனுப்புகிறது. யு.எஸ்.பி. ஹெட்போனுக்குள்ளோ சொந்தமாக ஒரு சிறு சவுண்டு கார்டு இருக்கிறது. அதைச் செருகியதும் லேப்டாப்புக்கு இரண்டு வாய், இரண்டு காது கிடைத்த மாதிரி. எதில் பேசுவது, எதில் கேட்பது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் உள்ள லேப்டாப்பில் திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும். அதை அழுத்தி, வரும் பட்டியலில் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேசுவதற்குப் பயன்படுத்தும் ஜூம், கூகுள் மீட் போன்றவற்றுக்குத் தனியாக வேறொரு பட்டியல் உண்டு. அதிலும் ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் அதே பெயரைக் கொடுக்க வேண்டும். நம் குரல் மட்டும் போகவில்லை என்றால், செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று மைக்ரோபோனுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கு கம்பி ரகசியம்

ஹெட்போனின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் கோளாறு இணைப்பில் இருக்கலாம். சாதாரண யு.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. பட்டையான பிளக்கில் மின்சாரத் தகடுகள் சற்று நீளம். செய்தித் தகடுகள் குட்டை. பிளக் முழுவதும் இறங்காவிட்டால் மின்சாரம் போகும், செய்தி போகாது. விளக்கு எரிந்தும் குரல் வராததற்கு இது ஒரு காரணம்.

ஆகவே பிளக்கைக் கழற்றி நன்றாக அழுத்திச் செருக வேண்டும். இடையில் ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் கொடுக்க வேண்டும். அடுத்த துளையிலும் போட்டுப் பார்க்கலாம். அப்படியும் வராவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்த ஹெட்போனை அன்இன்ஸ்டால் செய்து, கழற்றி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகினால் லேப்டாப் அதைப் புதிதாக அடையாளம் கண்டுகொள்ளும்.

கடைசிச் சோதனை, அதே ஹெட்போனை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது. அங்கே பேசினால் குறை லேப்டாப்பில். அங்கேயும் ஊமையானால் குறை ஹெட்போனில். இதைப் பார்க்காமல் பணம் கொடுத்துப் புதிது வாங்கக் கூடாது.

உப்புக் காற்று

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரமும் கடலின் உப்பும் சேர்ந்து பிளக்கின் தகடுகளில் களிம்பு ஏற்றிவிடும். அப்போதும் தொடர்பு விட்டு விட்டு வரும். பிளக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும். லேப்டாப் துளைக்குள் ஊசி விட்டுச் சுரண்டுவது ஆபத்து. வேலை முடிந்ததும் ஹெட்போனை மூடியுள்ள டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் போட்டு வைப்பது நல்லது.

நேர்முகத் தேர்வோ வகுப்போ இருந்தால் முதல் நாளே ஒரு நண்பரை அழைத்துப் பேசிப் பார்த்துவிட வேண்டும். பழைய உருண்டை முனை ஹெட்போன் வீட்டில் இருந்தால் அதையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆபத்துக்கு உதவும்.