நீரும் நிர்வாகமும் – 9: தூதரின் யோக்கியதாம்சங்கள்

சென்ற இதழில், 1953ஆம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியன்று வடகடல் கரைகளை உடைத்துக்கொண்டு உட்புகுந்து நெதர்லாந்தில் 1,836 உயிர்களைக் கொள்ளைகொண்ட விருத்தாந்தத்தையும், அதன் விளைவாக டெல்டா அணைகள் எழுந்த வரலாற்றையும் கண்டோம். கடலோடு வழக்காடியே வளர்ந்த அந்தத் தேசம் 2015இல், சர்வதேச நீர் விவகாரங்களுக்கென்றே ஒரு விசேஷத் தூதரை நியமித்தது. போருக்கும் வியாபாரத்துக்கும் தூது அனுப்புவது பழைய ராஜநீதி. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் தூது அனுப்புவது நம் காலத்துப் புதுமை. இத்தகைய உத்தியோகத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் சர்க்கார் அவரிடம் எந்த யோக்கியதையைத் தேட வேண்டும் என்பதே இந்த வாரம் நாம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. இன்ன பட்டம், இத்தனை வருஷ அநுபவம், அந்நிய பாஷைப் பயிற்சி என்று அடுக்கிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. ஆனால் முதல் தூதரான ஹெங்க் ஓவிங்க் அந்தப் பதவிக்கு வந்த வழி விளம்பரத்துக்குள் அடங்குவதன்று. ஹேக் நகரத்து அமைச்சகத்தில் நிலப்பயன்பாட்டையும் நீர்த்துறையையும் மேற்பார்த்துக்கொண்டிருந்த அவர், 2012 அக்டோபர் இறுதியில் ஸாண்டி புயல் நியூயார்க்கையும் நியூஜெர்ஸியையும் வெள்ளத்தில் ஆழ்த்திய பின், நெதர்லாந்தைப் பார்வையிட வந்த அமெரிக்க வீட்டுவசதி அமைச்சர் ஷான் டோனவனுக்கு அந்நாட்டு நீர்ப்பணிகளைச் சுற்றிக் காட்டினார். காட்டியதோடு நில்லாமல், தாமே அமெரிக்கா சென்று புனர்நிர்மாணக் குழுவில் டோனவனுக்கு ஆலோசகராக அமர்ந்தார். அங்கே அவர் டச்சு அணை ஒன்றின் வரைபடத்தை விரித்துவைத்து, ‘இதைக் கட்டுங்கள்’ என்று சொல்லவில்லை. 2013இல் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார். விண்ணப்பித்த 148 குழுக்களில் பத்து தெரிந்தெடுக்கப்பட்டன. வரைகோலை எடுப்பதற்கு முன்னால் அந்தக் குழுவினர் வெள்ளம் புகுந்த வட்டாரங்களுக்குப் போய், அங்கே குடியிருப்போரிடம் மாதக்கணக்கில் பேசி விஷயம் அறிய வேண்டியிருந்தது.

இந்தச் சுபாவம் அவருக்குச் சொந்த மண்ணிலேயே படிந்திருக்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நீர்வாரியங்கள் உண்டு; தாழ்ந்த நிலத்தில் வசிப்பவர்கள் தாங்களே வரி செலுத்தி, தாங்களே பிரதிநிதிகளைத் தேர்ந்து, கரைகளைக் காத்துவந்த ஸ்தாபனங்கள் அவை; 21 வாரியங்கள் இன்றும் நடக்கின்றன. குடிமராமத்தை அறிந்த நம்மவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

2023இல் அவருக்குப் பின் வந்த மைக்கே வான் கினெக்கனோ உலக வங்கியிலும், ரோமாபுரியில் உள்ள விவசாய வளர்ச்சிக்கான சர்வதேச நிதியத்திலும் பணிபுரிந்தவர். முன்னவர் கரையும் வாய்க்காலும் கற்று உலகத்துக்குப் போனார். பின்னவர் கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களின் அந்தரங்கத்தை அறிந்து வந்தார். பருவநிலை மாநாடுகளின் விவாதம் எங்கே தொடங்கினாலும் பணத்தில் வந்தே நிற்கிற இக்காலத்தில், இரண்டாவது ஞானத்தை இளப்பமாக எண்ணுவதற்கில்லை.

எண்களில் ஜாக்கிரதை வேண்டும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 55 சதவீத நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருப்பதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2007இல் எழுதிவிட்டது. உண்மையில் அது 26 சதவீதமே. மற்றொரு 29 சதவீதம் நதி வெள்ள அபாயத்துக்கு உட்பட்ட நிலம். இரண்டையும் கூட்டி ஒன்றாக்கித் தவறான கணக்கைத் தந்தது வேறு யாருமல்ல, டச்சு சர்க்காரின் ஆராய்ச்சி ஸ்தாபனந்தான்! 2010இல் அதை அந்த ஸ்தாபனமே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

எனினும், இவை எல்லாவற்றிலும் அரிதான யோக்கியதை வேறொன்று என்பது என் அபிப்பிராயம். இந்தத் தூதர் உலகுக்கு ஆலோசகர். அதே சமயம், கடலைத் தூர்வாரியும் கரை எழுப்பியும் பெரும்பொருள் ஈட்டும் கம்பெனிகளைக் கொண்ட ஒரு தேசத்தின் பிரதிநிதி. இந்த இரண்டு வேஷமும் ஒன்றோடொன்று மோதும் இடம் வந்தே தீரும். ஜகார்த்தாவுக்காக டச்சு நிபுணர்களின் துணையோடு 2014இல் வெளியிடப்பட்ட திட்டம், கருடன் சிறகு விரித்தாற்போன்ற பிரம்மாண்டமான கடற்சுவரைக் கற்பனை செய்தது. அந்நகரம் தாழ்ந்துபோவதற்கு முக்கிய காரணம் கடல் அன்று. நிலத்தடி நீரை வரையறையின்றி உறிஞ்சுவதே. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராதவரை சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும். சுவரின் நிழலில் பிழைப்பை இழப்பவர்களோ மீனவர்கள். ‘இங்கே நம் சரக்குக்கு வேலை இல்லை’ என்று தம் சொந்த அரசாங்கத்திடமே சொல்லக்கூடிய நெஞ்சுரம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை.

ஓவிங்க் காலத்தில், 2018இல், நெதர்லாந்து ஆசியாவில் மூன்று நகரங்களைத் தெரிந்தெடுத்து நீர்த் திட்டங்கள் வகுக்க முற்பட்டது: வங்காள தேசத்துக் குல்னா, இந்தோனேஷியாவின் ஸெமராங், நம்முடைய சென்னை. சென்னைக்காக உருவான யோசனைகளில் ஒன்றுக்கு ‘ஆயிரம் குளங்களின் நகரம்’ என்று பெயர். மழைநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் குளங்களிலும் மண்ணுக்கடியிலும் தேக்கிவைப்பதே அதன் சாரம். தூர்வாரும் கப்பலுக்கு அதில் அநேகமாக வேலையே கிடையாது.