குறைந்த செலவில் கோமாரிக்கு ஒரு தூண்டில் பயணம்

எங்கள் கரையோரத்தில் மீன் இல்லாத மதியச் சோறு குறைவு. கீரி, சூரை, பாரை, விளைமீன் என்று பெயர் சொல்ல எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படி ஆய்வது, எதை ஆணம் வைப்பது, எதைப் பொரிப்பது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் வகுப்பில் தூண்டில் கம்பைக் கையால் தொட்டவர்கள் யார் என்று ஒரு நாள் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. மீன் எங்களிடம் வரும். நாங்கள் மீனிடம் போவதில்லை.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் ஐந்து தோழிகள் கோமாரிக்குத் தூண்டில் போடப் போய்வந்தோம். எங்களோடு பெரியவர்கள் இருவர். ஆளுக்கு 1500 ரூபா போட்டோம். அதில் கொஞ்சம் மிச்சமும் வந்தது. எப்படி ஏற்பாடு செய்தோம் என்று கேட்ட தங்கைமாருக்கும், "பொம்புளப் புள்ளைகளுக்கு என்னத்துக்குத் தூண்டில்?" என்று கேட்ட சில பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நாங்கள் போட்டது சாதாரணத் தூண்டில் இல்லை. ஆங்கிலத்தில் 'பிளை பிஷிங்' என்பார்கள். பிளை என்றால் ஈ. இறகும் நூலும் கொண்டு முள்ளிலே ஒரு போலிப் பூச்சியைக் கட்டி, அதை மீனுக்குக் காட்டிப் பிடிப்பது. நான் இங்கே ஈத்தூண்டில் என்றே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்குப் பிடிக்கும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கனமானது. அதை வீசினால் அது நூலை இழுத்துக்கொண்டு போகும். ஈத்தூண்டிலில் ஈக்குக் கனமே இல்லை, ஊதினால் பறந்துவிடும். ஆகவே இங்கே நூல்தான் கனமாக இருக்க வேண்டும். அடியில் தடித்து நுனியில் மெலிந்த நூலைப் பின்னால் எறிந்து முன்னால் வீசினால், கையில் கொடுத்த விசை தடித்த பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்கு ஓடி நுனியை வேகமாகக் கொண்டுபோகும். மாட்டு வண்டிக்காரரின் சாட்டை நுனி 'பட்' என்று வெடிப்பதும் இதனால்தான். இரை வைக்காமல் மீன் பிடிப்பது எங்கள் நாட்டுக்குப் புதிதுமல்ல. தெற்கே கொக்கலைப் பக்கம் கடலில் கம்பு நட்டு அதன் மேல் உட்கார்ந்து பிடிக்கும் மீனவர்கள் இரையில்லாத முள்ளைத்தான் ஆட்டி ஆட்டிப் பிடிக்கிறார்கள்.

ஈத்தூண்டில் மிகப் பழையது. கிட்டத்தட்ட 1800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்ற ரோம எழுத்தாளர், மசிடோனியா நாட்டு ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் முள்ளில் கட்டி மீன் பிடித்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் தூண்டில் பற்றி அச்சான முதல் நூல் 1496இல் வந்தது. அதை எழுதியவர் என்று காலங்காலமாகச் சொல்லப்படுபவர் ஒரு பெண், ஜூலியானா பெர்னர்ஸ். உண்மையில் அவர்தான் எழுதினாரா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும். 1922இல் ஸ்கொட்லாந்தின் டே ஆற்றில் ஜோர்ஜினா பலன்ரைன் என்ற பெண் தூண்டிலில் பிடித்த 64 இறாத்தல் சமன் மீனில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தச் சாதனையை பிரித்தானியாவில் இன்னும் எவரும் முறியடிக்கவில்லை. (அவர் பிடித்தது ஈயால் அல்ல, வேறு தூண்டிலால் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இலங்கைக்கு இந்தப் பொழுதுபோக்கைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயத் துரைமார். 1880களில் ட்ரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் விட்டார்கள். ட்ரவுட் குளிர்ந்த நீரில்தான் வாழும். அதைத் தேடி நாங்கள் நுவரெலியா போவதென்றால் பயணச் செலவே எங்கள் கைக்கு எட்டாது. கம்பு, சுருள், நூல் என்று வெளிநாட்டுச் சாமான் வாங்கப் போனாலும் பல்லாயிரம் ரூபா வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது ஜப்பான். அங்கே மலையோடைகளில் 'டென்காரா' என்றொரு முறை உண்டு. சுருளே கிடையாது. நீண்ட கம்பின் நுனியில் நூலைக் கட்டி, நூல் நுனியில் ஈயைக் கட்டுவதோடு சரி. 1496ஆம் ஆண்டு நூலில் உள்ள தூண்டிலுக்கும் சுருள் இல்லை. இதைப் படித்தவுடனே எனக்கு மூத்தாப்பாவின் மூங்கில் தூண்டில் ஞாபகம் வந்தது. எங்கள் வளவில் கோழிக்கூட்டுக்கு மேலே பல வருடமாகக் கிடந்தது அது.

கம்பு பன்னிரண்டு அடி. நூலுக்கு மூன்று தடிப்பில் தங்கூசி வாங்கி, தடித்ததில் தொடங்கி மெலிந்ததில் முடியும்படி முடிந்தோம். எல்லாம் சேர்ந்து கம்பளவு நீளம். அதற்கு மேல் நீளமானால் பழக்கமில்லாத கைக்கு வீச வராது. ஈ கட்டுவதற்குச் சேவலின் கழுத்து இறகுதான் நல்லது. அது ஒடுங்கி, பளபளத்து, தண்ணீரில் உயிருள்ளதுபோல் அசையும். முள்ளின் தண்டில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். இறகின் அடியை அதில் வைத்துக் கட்டி, இறகையே முள்ளைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி, மறுபடி நூலால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். களப்பு மீன்கள் சிறு மீன்களையும் தின்பதால் தேயிலைப் பைக்கற்றின் உள்ளே இருக்கும் வெள்ளித்தாளை மெல்லிய கீற்றாக வெட்டி உடம்பில் சுற்றினோம். முடிச்சு அவிழாமல் இருக்க ஒரு துளி நகப்பூச்சு. வுழூ கூடாதே என்று திறக்காமலே கிடந்த ஒரு போத்தல் இதற்கு உதவியது. தையல் வகுப்பில் கை பழகிய தோழி ஒரு மணித்தியாலத்தில் ஆறு ஈ கட்டினாள். நான் இரண்டு. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட மறக்க வேண்டாம். மீனை விடுவிப்பது இலேசு. அபாயாவில் மாட்டினாலும் கிழியாமல் கழற்றலாம்.

ஏன் கோமாரி? கல்முனையிலிருந்து தெற்கே 50 கிலோமீற்றருக்கு மேல். அக்கரைப்பற்று, திருக்கோவில், தாண்டியடி தாண்டிப் பொத்துவிலுக்கு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் இருக்கும்போது வரும் சிறிய ஊர். பொத்துவில் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இறங்கி நடந்தே களப்புக்குப் போகலாம், ஓட்டோ தேவையில்லை. பக்கத்திலே இருக்கும் சங்கமன்கண்டிதான் இலங்கையின் மிகக் கிழக்கு முனை. 2020 செப்டெம்பரில் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கடலில் தீப்பிடித்தபோது செய்திகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்களே, அதே சங்கமன்கண்டி.

இன்னொரு காரணம் களப்பு. எங்கள் பக்கத்துக் களப்புகள் பலவற்றின் வாயை வெயில் காலத்தில் மணல் திட்டு அடைத்துவிடும். மாரி மழையில் தண்ணீர் ஏறி அது உடையும், அல்லது வெட்டிவிடுவார்கள். அப்போது கடல் மீன் உள்ளே வரும். அடைத்த பிறகு உள்ளே நிற்பவை அடுத்த மாரி வரை அங்கேதான். ஓகஸ்டில் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும், அலை கிடையாது. எங்கள் வீடுகளில் சம்மதம் கிடைத்ததே இந்த 'அலை கிடையாது' என்ற இரண்டு சொல்லால்தான்.

நாங்கள் ஐவரும் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 எங்களுக்கு ஒரு திகதி. எங்கள் உம்மாமாருக்கு அப்படியல்ல. இலங்கையில் அன்று அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். ஒரு தோழியின் உம்மா அன்று தன் தங்கையை இழந்தவர். அதன் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதே இல்லை. பெருநாள் பின்னேரங்களில் ஊரே கடற்கரையில் நிற்கும்போதும் அவர் வீட்டில்தான். அவரிடம் போய் 'நாங்கள் மீன் பிடிக்கப் போகிறோம்' என்று எப்படிச் சொல்வது?

பயணம் திட்டமிடுகிறவர்கள் பணத்தை முதலில் கணக்குப் பார்ப்பார்கள். எங்களுக்கு முதல் வேலை ஒரு படம் வரைவதாக இருந்தது. வீதி, பஸ் நிறுத்தம், களப்பு, கடல், நாங்கள் நிற்கப்போகும் இடம், அங்கிருந்து வீதிக்கு எத்தனை அடி என்று வாப்பாவைக் கேட்டு ஒரு கொப்பித் தாளில் வரைந்தோம். தண்ணீரில் இறங்க மாட்டோம், கடல் பக்கம் போக மாட்டோம், அஸருக்கு முன் வீட்டில் இருப்போம், என் வாப்பா கூட வருவார் என்று கீழே எழுதினோம். அந்த உம்மா தாளை வெகுநேரம் பார்த்தார். கடைசியில், "வாப்பா மட்டும் போதாது. நானும் வாறன்" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. பெற்றோர் மறுப்பது எல்லாம் பிடிவாதம் என்று நினைக்கும் தோழிகளுக்குச் சொல்கிறேன், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதித் திட்டம் அந்தப் பதிலில் இருக்கும்.

பணத்துக்கு வருவோம். ஐவரிடமும் சேர்ந்தது 7500 ரூபா. வேன் பேசினால் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். ஆகவே பஸ். ஏழு பேருக்குப் போக வர 2940. முள்ளும் தங்கூசியும் 780. ஐஸ், தண்ணீர், பிளாஸ்டர், தோடம்பழம் 650. சாப்பாடு ஆளுக்கொரு பார்சல் வீட்டிலிருந்து. மீன் வாங்க 2400 என்று ஒதுக்கினோம். மீன் பிடிக்கப் போகிறவர்கள் மீன் வாங்கக் காசு ஒதுக்குவதா என்று வாப்பா சிரித்தார். கரையில் பிடித்தவர்களிடம் வாங்கினால் சந்தையைவிட நல்ல மீன் கிடைக்கும் என்பது என் கணக்கு. அதோடு, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் அடுத்த வருடம் யார் விடுவார்கள்?

சுபஹ் தொழுத கையோடு முதல் பஸ்ஸில் ஏறுங்கள். நேரம் முக்கியம். ஓகஸ்டில் கச்சான் காற்று (சாப்பிடும் கச்சான் இல்லை) முற்பகல் ஆக ஆகப் பலக்கும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றால் நூல் தானாகப் போகும், எதிர்த்து நின்றால் ஈ உங்கள் முகத்துக்கே வரும். எட்டு மணியிலிருந்து பத்தரை வரைதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. வீசுகிறவரிடமிருந்து மற்றவர்கள் பத்து எட்டுத் தள்ளி நில்லுங்கள். கண்ணாடி போட்டிருப்பது நல்லது.

களப்பில் வலை போடுகிறவர்களுக்கு அது பிழைப்பு, எங்களுக்கு விளையாட்டு. அதனால் முதலில் அவர்களிடம் கேட்டோம். வயதான ஒரு ஐயா இடம் காட்டினார். "இஞ்சால நில்லுங்க புள்ளையள். அங்கால பத்தைக்குள்ள போகாதீங்க, முதல கிடக்கும்" என்றார். இதைப் படத்தில் நாங்கள் வரையவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் தண்ணீர் ஓரத்தில் நிற்காதீர்கள்.

முதல் ஒரு மணித்தியாலம் நாங்கள் பிடித்தது புல்லும் ஒருவரின் முந்தானையும்தான். பிறகு கை பழகியது. ஈ விழுந்ததும் சும்மா விடக்கூடாது, சிறுமீன் ஓடுவதுபோல் கம்பு நுனியால் சிறுகச் சிறுக இழுக்க வேண்டும். ஒன்பதரைக்கு ஒரு சிறிய பாரை. சுருள் இல்லாத தூண்டிலில் மீன் இழுப்பது நேரே மணிக்கட்டில் தெரியும். அந்தத் துடிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பிறகு இன்னுமொன்று. வரம்பில் பாய் விரித்து இருந்த அந்த உம்மா எழுந்து வந்து, "தா மகள், நானும் ஒருக்கா எறிஞ்சு பாக்கன்" என்று கம்பை வாங்கினார். அவருக்கு ஒன்றும் படவில்லை. ஆனால் பத்தரை வரை கம்பைத் திருப்பித் தரவும் இல்லை.

வெளிநாடுகளில் பிடித்த மீனை எல்லாம் திரும்ப விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் ஐவருக்குள் இது பெரிய விவாதமாயிற்று. விடுவதற்கென்றே முள்ளில் மாட்டி வதைப்பது சரியா? உண்பதற்கு மட்டும் பிடிப்போம், சின்னது பட்டால் உடனே விடுவோம் என்று முடிவெடுத்தோம். ஈரக் கையால்தான் பிடிக்க வேண்டும், உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். மிகப் பெரிய கொடுவா பட்டாலும் விட்டுவிடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். கொடுவா சில வருடங்கள் ஆணாக இருந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை அநேகமாக முட்டையிடும் பெண்கள். எங்களுக்குப் பட்ட பாரை இரண்டும் உள்ளங்கை அளவுகூட இல்லை, ஆகவே இரண்டும் களப்புக்கே போயின.

வீட்டுக்கு வந்த மீன் அந்த ஐயாவிடம் வாங்கியது. மணலை. ஐந்து வீட்டுக்கும் பங்கு வைத்தோம். மிச்சம் 730 ரூபா. அது இப்போது என் கொம்பாசுப் பெட்டிக்குள் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு இன்னொரு மூங்கிலுக்கும் முள்ளுக்கும் என்று வைத்திருக்கிறோம். அந்த உம்மா தனக்கென்று தனிக் கம்பு கேட்டிருக்கிறார்.