தேயிலைக் கைகளும் பெட்டிக்கடைக் கடனும்

ஓர் ஆலையோ தோட்டமோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையில்லை என்று அறிவித்துவிட்டால், நிலையான வேலை மறுபடி கிடைக்கும்வரை அக்குடும்பங்கள் எதைக்கொண்டு ஜீவனம் செய்வது? இக்கேள்வி எழும்போதெல்லாம், "ஆளுக்கொரு கடன் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள்" என்று விடை கூறுவோர் நம்மிடையே பலர் உண்டு. இவ்விடை எவ்வளவு தூரம் சரி என்பதற்கு நம் நாட்டில் முன்னமே ஒரு பெரிய பரீட்சை நடந்திருக்கிறது. அதில் நமது புதுக்கோட்டைச் சீமைக்கும் பங்குண்டு.

கண்மாய் வறண்டால் பிழைப்பும் வறண்டுபோகும் பூமி நம்முடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றார்கள். தொண்டியிலும், இன்று நமது மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் அம்மாபட்டினத்திலும் தோணி ஏறியவர்கள் பலர். அவர்கள் முதலில் வேலை செய்தது காப்பித் தோட்டங்களில். 1869-ல் காப்பி இலையில் கண்ட நோய் சுமார் இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே அழித்துவிட்டது. துரைமார்கள் இடைக்காலத்துக்குச் சின்கோனா மரத்தை நட்டார்கள். பிறகு தேயிலைக்கு மாறினார்கள். பயிர் மாறிற்றேயன்றி மலையும் மண்வெட்டியும் மாறவில்லை. ஆகவே தொழிலாளி அப்பொழுது ஒருவாறு தப்பினான்.

அடுத்த அடி அவ்வாறு இல்லை. 1948-ம் வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை எந்நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கியது. 1964 அக்டோபர் 30-ல் ஏற்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டையுடன் வந்து இறங்கியவர்கள், வாழ்நாளெல்லாம் செய்த வேலையை அக்கரையிலேயே விட்டு வந்தவர்கள். 1984-ல் கப்பல் நின்றது.

வந்தவர்களுக்குச் சர்க்கார் பலவழிகளில் ஏற்பாடு செய்தது. நீலகிரியில் 1968-ல் அவர்களுக்கென்றே தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976-ல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது டான்டீ, ஆயின. கன்னியாகுமரியிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்களில் சிலருக்கு இடம் கிடைத்தது. நூற்பாலைகளிலும் சிலர் சேர்க்கப்பட்டனர். 1969-ல் தாயகம் திரும்பியோருக்காகவே ஒரு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. அதுவே இன்று ரெப்கோ வங்கி என வழங்குகிறது. ஆயினும் மிகப் பலருக்குக் கிடைத்தது வேலையன்று, சிறு வியாபாரக் கடனே.

இங்கேதான் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. லயத்து அறையில் பிறந்து, தோட்டத்தில் அரிசி வாங்கிக் கொழுந்து பறித்தே வளர்ந்தவருக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. கடன் சொல்லிப் போகிறவரிடம் கடிந்து பேசவும் தெரியாது. ஏற்கெனவே இரண்டு கடைகள் உள்ள கிராமத்தில் மூன்றாவது கடை வைத்தால் வாங்குவதற்கு ஆள் ஏது? கடன் பணம் முதலில் அரிசிக்கும் கூரைக்கும் போயிற்று; வட்டி மாத்திரம் நின்றது. கடை மூடியவர்கள் மறுபடி மலையைத் தேடிப் போனார்கள். கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டும் வேலைக்குப் போனவர்கள் சிலர் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகச் சிக்கினர். பழைய கங்காணியின் துண்டுக்கடன் வேறு பெயரில் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். இதற்கு அவர்களைச் சோம்பேறிகள் என்று பழித்தவர்களும் உண்டு, அது அநியாயம். அதே மக்கள் டான்டீ தோட்டங்களில் காட்டை வெட்டித் தேயிலையை வளர்த்துக் காட்டினார்களே!

நிற்க. தெரிந்த வேலை கிடைத்தவர்களுக்கும் அது சாசுவதமாக இல்லை. 2022-ல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர உத்தரவாயிற்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில், 1929-ல் தொடங்கிய 99 வருஷக் குத்தகை 2028-ல் முடிகிறபடியால், 2024-லேயே தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. தோட்டத்தை டான்டீ ஏற்று நடத்த வேண்டுமென்று அவர்கள் கேட்டார்கள். அவ்வாறு உத்தரவிட உயர் நீதிமன்றம் இசையவில்லை.

ஆலைத் தொழிலாளர் விஷயத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. 1986-ல் ஏற்பட்ட ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டத்தில், மூடிய ஆலையின் தொழிலாளிக்கு முதல் வருஷம் கூலியில் 75 சதவிகிதமும், இரண்டாம் வருஷம் 50-ம், மூன்றாம் வருஷம் 25-ம் உதவியாகக் கொடுக்கப்பட்டன. அவகாசம் கிடைத்தது நன்றே. எனினும் அது பணமேயன்றி வேலையன்று.

ஆகவே ஆட்குறைப்புக்கு உள்ளான குடும்பத்தினர் நம் சங்கங்களை நாடி வருங்கால், "எவ்வளவு கடன் வேண்டும்?" என்பதற்கு முன், "கை எதை அறியும்?" என்று கேட்கலாம் என்பது நமது அபிப்பிராயம். நூற்பாலையில் நாளெல்லாம் அறுந்த இழையை ஒட்டியவருக்கு அச்சுப் பிணைப்பதும் தார் சுற்றுவதும் சில வாரங்களில் கைவந்துவிடும். கொழுந்து பறித்த விரல்களுக்குக் கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டங்களில் வேலை உண்டு. கூலி பழைய சம்பளத்துக்கு ஈடாகாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடனேறாமல் ஆறு மாதம் கழியும்.

இன்னொரு விஷயம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்புச் செய்யப்படும் தொழிலாளிக்கு, பணிபுரிந்த வருஷம் ஒவ்வொன்றுக்கும் 15 நாள் ஊதியமாகிய நஷ்டஈடு போக, மறுதிறன் நிதியிலிருந்து மேலும் 15 நாள் ஊதியம் 45 நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும். வெளியேறும் தினத்தன்றே கணக்கு எண்ணைச் சரிபார்த்து எழுதிக் கொடுத்து, அதற்கு நகல் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு நமது அங்கத்தினர்கள் தங்கள் வீட்டு ஆலைத் தொழிலாளருக்குச் சொல்லி வைப்பார்களாக.