நானூற்றைத் தொட ஒரு தனிச் சாவி

மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். அதே காரில் மாலையில் இசையரங்குக்கும் அலுங்காமல் போய்வர வேண்டும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தை நடத்திய ஃபெர்டினாண்ட் பியெக் தன் பொறியாளர்களிடம் கேட்டது இதுதான். அதற்கு விடையாக 2005-ல் பிரான்சின் மோல்ஷைம் நகரிலிருந்து வந்தது புகாட்டி வேரான். 2015 வரை செய்யப்பட்டவை 450 கார்கள். ஒன்றின் விலை பத்து லட்சம் யூரோவுக்கும் மேல்.

வேகத்தின் முதல் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஆகவேதான் வேரானுக்கு 16 சிலிண்டர், 4 டர்போ, 8 லிட்டர் கொள்ளளவு, 1,001 குதிரைத்திறன். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற இதில் 10 ரேடியேட்டர்கள் இருக்கின்றன.

ஓட்டுபவருக்கு இவையெல்லாம் இன்பமாக வந்து சேர்கின்றன. நின்ற இடத்திலிருந்து 100-ஐத் தொட 2.5 நொடி போதும். நான்கு சக்கரங்களும் தரையைப் பற்றித் தள்ள, முதுகு இருக்கையோடு அழுந்தும். இரட்டை கிளட்ச் கியர்பெட்டி அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பதால் வேகம் இடையில் தளர்வதில்லை. அதிவேகத்தில் பிரேக்கை மிதித்தால் பின்னிறகு நிமிர்ந்து காற்றையும் பிரேக்காக்கிவிடும். நகர நெரிசலில் இதே கார் சாதுவாக ஊர்ந்து போகும். உச்ச வேகமான 407-க்கு மட்டும் இன்னொரு சாவியைப் போட வேண்டும். அப்போது கார் தரையை நோக்கித் தாழும், பின்னிறகும் படியும்.

சங்கடங்களும் இதே பொறியியலிலிருந்துதான் பிறக்கின்றன. முழு வேகத்தில் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலியாகிவிடும். டயர்கள் மிஷ்லின் இதற்கென்றே உருவாக்கியவை. தேய்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது. என்ஜினைச் சுற்றிக் கருவிகளை நெருக்கி அடைத்திருப்பதால், ஆயில் மாற்றவே பின்பக்க பாகங்களைக் கழற்றி, 16 இடங்களில் வடிக்க வேண்டும். செலவு 20,000 டாலரைத் தாண்டும். இரண்டு மீட்டர் அகலக் காரைக் குறுகிய தெருவில் திருப்புவதே பெரும்பாடு. உச்ச வேகத்தைப் பார்க்கப் பொதுச் சாலை உதவாது. ஜெர்மனியின் ஏரா-லெசியென் சோதனைத் தடம் போல ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நேர்பாதை வேண்டும்.

செலவுக்கு அஞ்சிக் கொட்டகையில் பூட்டி வைத்தாலும் தப்பிக்க முடியாது. பேட்டரி இறங்கும், ரப்பர் இறுகும், சீல்கள் உலரும். விலை ஏறும் என்று நம்பி இத்தகைய கார்களை ஓட்டாமலே வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் செலவை மட்டும் ஏற்று இன்பத்தை இழக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். உரிய காலத்தில் பராமரித்து, உரிய சாலையில் பொறுப்போடு ஓட்டுபவருக்குத்தான் அந்தப் பொறியாளர்களின் உழைப்பு முழுதாகப் போய்ச் சேர்கிறது.